வாயிலோனும் ஆட்கொணர்வு மனுவும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எத்தனை முறை வாசித்தாலும் நமக்கு ஓர் ஐயம் தீர்வதேயில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழைதான் என்ன? கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று கண்ணகிக்கு அவன் சொல்லும் விடை, அவன் காலத்து அரசநீதிப்படி பழுதற்ற விடை. சட்டம் அவன் பக்கம் இருந்தது. ஆயினும் ஊடியிருந்த தேவியிடம் விரைந்துகொண்டிருந்தவன், பொற்கொல்லன் சொல்லை நம்பிக் காவலரை ஏவினான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிழை அங்கேதான்.

அதே காதையில் நாம் எளிதில் கடந்துவிடும் மற்றொரு செய்தியும் உண்டு. கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நிற்கிறாள். வாயிலோன் அவளை விரட்டவில்லை. அஞ்சியபடியே உள்ளே சென்று அரசனுக்கு அறிவிக்கிறான். அரசன் அவளை வரவழைக்கிறான். யார், என்ன வேண்டும் என வினவுகிறான். தேவியின் சிலம்பைக் கொணர்ந்து அவள் முன் வைக்கிறான். காலங்கடந்துதான் என்றாலும், கதவு திறந்தது. கேள்விக்கு விடை சொல்லும் கடமை தனக்கு உண்டென்று அரசன் ஏற்றுக்கொண்டான்.

தனிமனிதன் மீது அரசுக்குள்ள அதிகாரத்திற்கு உண்மையிலேயே எல்லை உண்டா? அரசியலமைப்பு நூல்களில் இதற்கு விடை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த எல்லை உயிரோடு இருக்கிறதா என்று அறிய, வாயிலில் வந்து 'ஏன்?' என்று கேட்பவருக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி என்பது எங்கள் எண்ணம். இந்தியாவின் தடுப்புக் காவல் சட்டங்களின் வரலாற்றை முன்வைத்து அதைச் சற்றே ஆராய்வோம்.

காரணம் வேண்டாத சிறை

குற்றம் செய்தவரை விசாரித்துத் தண்டிப்பது ஒன்று. குற்றம் செய்யக்கூடும் என்று கருதி, விசாரணை இன்றி ஒருவரை அடைத்துவைப்பது முற்றிலும் வேறு. பின்னதற்கே தடுப்புக் காவல் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், வங்காளத்தின் 1818-ஆம் ஆண்டு 3-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. மறு ஆண்டிலேயே சென்னை மாகாணத்திற்கும் அத்தகைய சட்டமொன்று வந்தது. 'அரசின் காரணங்கள்' என்று சொன்னால் போதும். அந்தக் காரணங்கள் எவையென யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. 1907-இல் லாலா லஜபதி ராயும் அஜித் சிங்கும் இச்சட்டத்தின் கீழ்தான் பர்மாவின் மாண்டலேவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே ஆண்டில் விடுவிக்கப்பட்டதும் அரசின் விருப்பத்தால்தான். எந்த நீதிமன்றத்தின் ஆணையாலும் அல்ல.

இதன் பக்கத்தில் 1908-ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு நேர்ந்ததை வைத்துப் பாருங்கள். இரட்டை ஆயுள் தண்டனை என்ற கொடிய தீர்ப்பு அது. ஆனால் தீர்ப்பு என்று ஒன்று இருந்ததால் மேல்முறையீடும் இருந்தது. உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கவும் செய்தது. செக்கிழுத்த செம்மலின் துன்பத்தை இதனால் நாம் சிறிதாக்கவில்லை. அநீதியான விசாரணைகூட ஒரு கதவை விட்டுவைக்கிறது, விசாரணையே இல்லாத சிறையில் அதுவும் இல்லை என்பதையே சுட்டுகிறோம்.

1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறியது. போர்க்கால அடக்குமுறை அதிகாரங்களை அமைதிக் காலத்திலும் தொடரச் செய்த சட்டம் அது. அந்நாள்களில் காந்தியடிகள் சென்னையில், இராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்து நோன்பிருப்பது என்ற எண்ணம், விடியற்காலை அரைத்தூக்கத்தில் கனவுபோலத் தமக்குத் தோன்றியது இங்கேதான் என்று அவர் எழுதியிருக்கிறார். ஏப்ரல் 6-இல் நாடு கடையடைத்தது. ஏப்ரல் 13-இல் ஜாலியன்வாலா பாக். விசாரணையற்ற சிறையை எதிர்ப்பது என்பது நம் விடுதலைப் போராட்டத்தின் ஓரத்துச் செய்தியன்று, அதன் நடுநாயகமான கோரிக்கைகளுள் ஒன்று என்பதை மறக்கலாகாது.

இரண்டாம் உலகப் போரின்போது நடந்த ஒரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 26-ஆம் விதியின்கீழ் ஆயிரக்கணக்கானோர் சிறையிலிருந்தனர். 1943 ஏப்ரலில், தல்படே வழக்கில், தலைமை நீதிபதி மாரிஸ் குவையரின் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. சில நாள்களிலேயே வைசிராயின் அரசு அவசரச் சட்டமொன்றைப் பிறப்பித்து ஓட்டையை அடைத்துவிட்டது. நீதிமன்றம் எல்லைக்கல்லைக் காட்டினால், அரசு அந்தக் கல்லையே நகர்த்திவைக்கும். இந்த வழக்கத்தை நாம் மேலும் சில முறை காண இருக்கிறோம்.

சிறையிலிருந்து வந்தவர்கள் எழுதிய சட்டம்

விடுதலைக்குப்பின் அரசியலமைப்பை எழுத அமர்ந்தவர்களுள் பலர், விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்கள். அவர்கள் கையால் இந்தச் சட்டம் ஒழிந்திருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது வேறு.

உயிர் வாழ்வையும் உடல் சுதந்திரத்தையும் காக்கும் பிரிவில், அமெரிக்க முறையைப் பின்பற்றி 'முறையான சட்ட நெறி' என்ற சொற்றொடர்தான் முதலில் இருந்தது. சட்டம் நியாயமானதுதானா என்று நீதிபதிகள் ஆராய இடம் தரும் சொற்றொடர் அது. அதை நீக்கிவிட்டு 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று மாற்றினார்கள். சட்டமன்றம் ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் போதும் என்றாகிவிட்டது. இம்மாற்றத்தை ஆதரித்தவர்களுள் நம் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். 1948 டிசம்பரில் அம்பேத்கர் இரு பக்கத்து இடர்களையும் அவைமுன் வைத்தார். கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம் உரிமைகளை நசுக்கலாம். ஐந்தாறு நீதிபதிகள் தம் சொந்த விருப்பு வெறுப்பால் நல்ல சட்டங்களையும் தடுக்கலாம். இரண்டிலும் ஆபத்து உண்டு என்று சொல்லி முடிவை அவைக்கே விட்டார்.

அந்த இழப்புக்கு ஓரளவு ஈடாக 1949 செப்டம்பரில் அவரே கொண்டுவந்ததுதான் இன்றைய 22-ஆம் பிரிவு. கைதானவருக்குக் காரணம் சொல்லவேண்டும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு, 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. கூடவே, தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்கு அப்பாதுகாப்புகள் பொருந்தா என்றும் சொல்கிறது. அவர்களுக்கென ஒரு சுருங்கிய பாதுகாப்பு: காரணத்தைத் தெரிவிக்கவேண்டும், முறையீடு செய்ய வாய்ப்புத் தரவேண்டும், ஆலோசனைக் குழுவின் ஒப்புதலின்றி மூன்று மாதங்களுக்குமேல் வைக்கலாகாது. சிறை அனுபவம் இல்லாதவர்கள் வரைந்த பிரிவு இது என்று அவையில் மகாவீர் தியாகி மனம் வெதும்பிச் சாடினார். அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்திற்குள்ளேயே விசாரணையற்ற சிறைக்கும் ஓர் இருக்கை போடப்பட்டது.

கோபாலன் கேட்ட கேள்வி

1950 ஜனவரி 26-இல் குடியரசு பிறந்தது. 16 நாள் கழித்து, பிப்ரவரி 11-இல், சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் மாண்டனர். பிப்ரவரி 25-இல், ஒரே நாளில், தடுப்புக் காவல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இம்மசோதாவைக் கொண்டுவருவதற்குமுன் இரண்டு இரவுகள் உறங்கவில்லை என்று சர்தார் படேல் சொன்னார். அதை நாங்கள் நம்புகிறோம். பிரிவினையின் குருதி காயவில்லை. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் ஓயவில்லை. அரசின் அச்சம் பொய்யன்று. ஆனால் உறக்கமிழந்த மனிதர் போய்விடுவார், சட்டம் இருக்கும். அதை அடுத்து எடுத்துப் பயன்படுத்துபவர் நன்றாக உறங்குபவராகவும் இருக்கலாம்.

1947 டிசம்பரில் கைதாகி, அன்றைய சென்னை மாகாணத்துச் சிறையில் இருந்தார் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே.கோபாலன். அவர் மீதான தண்டனைகள் ரத்தாகிக்கொண்டிருந்தன. சிறைவாசம் மட்டும் முடியவில்லை. 1950 மார்ச் 1-இல், சிறைக்குள்ளேயே புதிய சட்டத்தின் கீழ் ஆணை அவர் கையில் தரப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தின் வாயிலுக்குப் போனார். எம்.கே.நம்பியார் வாதாடினார். 'ஏதோ ஒரு நடைமுறையை எழுதிவைத்தால் போதுமா, அது நியாயமாக இருக்கவேண்டாமா?' என்பதே வாதத்தின் சாரம்.

மே 19-இல் தீர்ப்பு வந்தது. அறுவரில் நால்வர் சட்டம் செல்லும் என்றனர். அவர்களுள் பின்னாளில் தலைமை நீதிபதியான நம் பதஞ்சலி சாஸ்திரியும் ஒருவர். பஸல் அலியும் மகாஜனும் மாறுபட்டனர். கோபாலன் தோற்றார். எனினும் அத்தீர்ப்பில் ஒரே ஒரு செய்தியில் அறுவரும் ஒன்றுபட்டனர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம் வெளியிடுவதே குற்றம் என்று சொன்ன 14-ஆம் பிரிவு செல்லாது என்பதே அது. மற்றவற்றில் எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும், வாயிலையே அடைத்துவிட அன்றைய நீதிபதிகள் இடங்கொடுக்கவில்லை.

கோபாலன் பின்னர் வெளியே வந்து, 1952-இல் கண்ணூர்த் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டுக்கு ஆபத்தானவர் என அடைக்கப்பட்டவர், அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையின் முன்னணியில் அமர்ந்தார்.

வாயில் அடைபட்ட ஆண்டு

1971-இல் உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 'மிசா' என்றால்தான் நமக்குத் தெரியும். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள்களில், 14, 21, 22 ஆகிய பிரிவுகளின் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் செல்லும் உரிமையைக் குடியரசுத் தலைவரின் ஆணை நிறுத்திவைத்தது. மிசாவில் 16-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. காரணத்தைக் கைதானவருக்கும் சொல்லவேண்டியதில்லை, நீதிமன்றத்திற்கும் காட்டவேண்டியதில்லை. 1950-இல் செல்லாது என்று எறியப்பட்டது, 25 ஆண்டுகள் கழித்து வேறு எண்ணோடு திரும்பிவந்தது. நெருக்கடிக் காலத்தில் மிசாவின்கீழ் அடைக்கப்பட்டவர்கள் 34,988 பேர் என்பது பின்னர் விசாரித்த ஷா கமிஷன் தந்த கணக்கு.

ஆட்கொணர்வு மனுக்கள் குவிந்தன. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், நெருக்கடி நிலையிலும் மனுவை விசாரிக்கலாம் என்றன. அரசு மேல்முறையீடு செய்தது. அதுவே ஜபல்பூர் வழக்கு. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர்.கன்னா, சொந்தப் பகையால் ஒரு காவல் அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டால் அப்போதும் பரிகாரம் இல்லையா என்று கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே. அந்த விடை தம் மனச்சான்றையும் உலுக்குவதாக அவரே ஒப்புக்கொண்டார்.

1976 ஏப்ரல் 28-இல் ஐவரில் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். கன்னா மட்டும் மாறுபட்டார். வாழும் உரிமை அரசியலமைப்பு தந்த கொடையன்று, அதை எழுதுவதற்கு முன்பும் சட்டத்தின் ஆட்சி இருந்தது என்பது அவர் நிலை. 1977 ஜனவரியில் பணிமூப்பில் அவருக்குப் பின்னிருந்த எம்.எச்.பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

அந்தப் பேக் தம் தீர்ப்பில், காவலில் உள்ளோரை அரசு ஏறத்தாழத் தாயன்போடு பேணுவதாக எழுதியிருந்தார். அதே ஆண்டு ஜனவரி 31-இல் தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, மிசாக் கைதிகள் சென்னை மத்திய சிறைக்குள் அடித்து நொறுக்கப்பட்டனர். அடிபட்டவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். நெருக்கடி நிலை நீங்கியபின் அக்கொடுமைகளை விசாரித்தவர் நீதிபதி மு.மு.இஸ்மாயில். ஆம், கம்பன் கழகத்தின் வழியே நாமெல்லாம் அறிந்த அதே இஸ்மாயில்தான். டெல்லியில் எழுதப்பட்ட தாயன்பு, சென்னைச் சிறையில் எப்படியிருந்தது என்பதை அவரது விசாரணை நாட்டுக்குக் காட்டியது.

ஒரு தந்தை

கேள்வி கேட்க முடியாமற்போனால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளத்து ராஜன் வழக்கினும் தெளிவான சான்று வேறில்லை. கோழிக்கோட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் 1-இல் காவல்துறை கொண்டுசென்றது. தந்தை ஈச்சர வாரியர் அதிகாரிகள், அமைச்சர்கள் என ஒவ்வொரு வாயிலாக ஏறி இறங்கினார். நீதிமன்ற வாயில் மட்டும் அடைபட்டிருந்தது. 1977 மார்ச் 21-இல் நெருக்கடி நிலை முற்றிலும் விலக்கப்பட்டது. சில நாள்களிலேயே அவர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அப்படியொருவர் தம் காவலில் இருந்ததே இல்லை என்றது அரசு. மகனைக் கொண்டுவந்து நிறுத்துக என்றது நீதிமன்றம். நிறுத்த முடியவில்லை, அவர் காவலில் இறந்துபோனது பின்னர் வெளிப்பட்டது. ஏப்ரல் முடிவதற்குள் முதல்வர் கருணாகரன் பதவி விலகினார்.

ஓராண்டு காலம் மலைபோல் மறைந்துகிடந்த பொய், கேள்வி கேட்கப்பட்ட ஒரு மாதத்திற்குள் சரிந்தது. மகன் மீளவில்லை. கோவலனும் மீளவில்லை. கேள்வி எப்போதும் பிந்தியே வருகிறது. அதனால்தான் அது கேட்கப்படும் வாயில் ஒருநாளும் அடைபடக்கூடாது.

நெருக்கடி நிலை முடிந்த மறுநாள், மார்ச் 22-இல், ஏ.கே.கோபாலன் காலமானார். 27 ஆண்டுகளுக்குமுன் அவர் கேட்ட கேள்விக்கு 1978 ஜனவரியில், மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. எழுதிவைத்தால் மட்டும் போதாது, நடைமுறை நியாயமானதாகவும் இருக்கவேண்டும் என்றது. ஜபல்பூர் தீர்ப்பையோ 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு வெளிப்படையாக நிராகரித்தது. அதை எழுதியவர்களுள் ஒருவர் டி.ஒய்.சந்திரசூட், 1976-இல் அரசின் பக்கம் நின்ற நால்வருள் ஒருவரின் மகன்.

தேதியில்லாத திருத்தம்

அப்படியானால் எல்லை உறுதியாகிவிட்டதா? முழுதாக அவ்வாறு சொல்ல நமக்குத் துணிவில்லை.

ஜனதா ஆட்சியில் மிசா நீக்கப்பட்டது. 1978-ஆம் ஆண்டு 44-ஆம் திருத்தம், எந்த நெருக்கடியிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்றாக்கியது. இது மெய்யான எல்லை. அதே திருத்தத்தின் 3-ஆம் பிரிவு, ஆலோசனைக் குழுவின்றி அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதங்களிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே குழு அமையவேண்டும் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்பமிட்டார். நடைமுறைக்கு வரும் நாளைக் குறிக்கும் பொறுப்பு மட்டும் மத்திய அரசிடம் விடப்பட்டது. திருத்தத்தின் மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. இப்பிரிவுக்கு எந்த அரசும், எந்தக் கட்சியும் நாள் குறிக்கவில்லை. 1981 டிசம்பரில் ஏ.கே.ராய் வழக்கில், நாள் குறிக்குமாறு அரசைக் கட்டாயப்படுத்த இயலாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்தின் சாவி அதிகாரத்திடமே ஒப்படைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டில் 1982-இல் வந்த 14-ஆம் சட்டத்தைக் 'குண்டர் சட்டம்' என்று எல்லோரும் அறிவோம். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஆணையிட்டால், ஓராண்டு வரை விசாரணையின்றி அடைக்கலாம். கள்ளச் சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் என்று தொடங்கிய பட்டியலில், 2004-இல் திருட்டு வீடியோ தயாரிப்போரும் சேர்ந்தனர். அதன்பின்னும் பட்டியல் நீண்டது. மிசாவில் அடிபட்ட கட்சியினர் ஆட்சியில் அமர்ந்த காலங்களிலும் இச்சட்டம் நீங்கவில்லை. ரவுடியின் கத்திக்கு அஞ்சி வாழும் தெருவாசிக்கு இச்சட்டம் ஆறுதல் தருகிறது என்பதையும் நாம் மறுக்கவில்லை. சாட்சி சொல்ல அஞ்சும் ஊரில் விசாரணை எளிதன்று. ஆனால் அந்த அச்சத்திற்கு மருந்து சாட்சியைக் காப்பது. விசாரணையைக் கைவிடுவது அன்று.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இத்தகைய ஆணைகள் அடிக்கடி ரத்தாகின்றன. கைதானவரிடம் தந்த நகல் படிக்க முடியாதபடி இருந்தது, மொழிபெயர்ப்புத் தரப்படவில்லை, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதமாயிற்று என்பன காரணங்கள். தொழில்நுட்பக் குறைகள் என்று சிலர் நகைப்பதுண்டு. நமக்கு அவை அப்படித் தோன்றவில்லை. 'ஏன்?' என்ற கேள்விக்குப் படிக்கக்கூடிய எழுத்தில் விடை வரவேண்டும் என்பதுதானே அவற்றின் பொருள்? ஆனால் அந்த ஆணை ரத்தாவதற்குள் மாதங்கள் கழிந்துவிடுகின்றன என்பதும் உண்மை.

இறுதியாக ஒரு வழக்கு. காலாவதியான மருந்துகளை விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டார். குற்றச்சாட்டு கடுமையானது, மெய்யானால் மன்னிக்கத்தகாதது. அவருக்காக வழக்குத் தொடுத்தவர் மனைவி. உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார். 2011 ஏப்ரலில் அவர் வென்றார். வழக்கமான குற்றவியல் சட்டத்தால் கையாளக்கூடியதற்குத் தடுப்புக் காவலை நாடுவது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். கணவன் குற்றமற்றவன் என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை; விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றது.

கோவலன் குற்றமற்றவன் என்பதால் கண்ணகியின் வழக்கு நம் நெஞ்சை உருக்குகிறது. ஆனால் அவன் மெய்யாகவே கள்வனாக இருந்திருந்தாலும், கொல்லுமுன் கேட்டிருக்கவேண்டும் என்பது மாறாது. நமக்குப் பிடிக்காதவருக்கும் இதை நாம் ஒப்புக்கொள்கிறோமா என்பதில்தான் அரசின் எல்லை அடங்கியிருக்கிறது. 44-ஆம் திருத்தத்தின் 3-ஆம் பிரிவு இன்னும் ஒரு தேதிக்காகக் காத்திருக்கிறது. வாயிலோன் உள்ளே சென்று அறிவித்தானா என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.